வால்வு பின் டப்பாவில் இருந்த மாத்திரைகள்

வயிற்றில் அந்தப் பசையைத் தடவியதும் உடம்பு சிலிர்த்துக்கொண்டது. ஏசி வேறு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு. ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா கையிலிருந்த கருவியைத் தொப்புளுக்கு மேலே வைத்து அழுத்தினார்.

"மூச்சை இழுங்க. இழுத்துப் புடிங்க."

பிடித்தேன்.

"விடுங்க."

விட்டேன். மறுபடி அதே இடம். மறுபடி "இழுங்க". மூன்றாவது தடவையும் கருவி அங்கேயே வந்து நின்றது. என் பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிச் சுற்றிக்கொண்டு வரும்போது நானும் இப்படித்தான் செய்வேன். எந்த இடத்தில் சந்தேகமோ அந்த இடத்தைத்தான் மூன்று தடவை முக்குவேன்.

"இன்னா மேடம், பெருசாயிடுச்சா?"

"பேசாதீங்க சார், படம் ஆடுது."

வாயை மூடிக்கொண்டேன். பேன்ட் பாக்கெட்டில் ஒரு தகர டப்பா தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி மல்லிகாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் படத்தில் தெரிவது பெரிதாகியிருந்தால் அதற்குக் காரணம் அந்த டப்பாதான்.

கல்லைத் தேடப் போய்

முடிச்சூர் சாலையில் பஞ்சர் கடை போட்ட கதையைப் போன வாரம் எழுதியபோதே இதையும் சொல்லியிருக்கலாம். அப்போது மனசு வரவில்லை. இப்போது முடிவு தெரிந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். தெரியாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அந்த ஸ்கேனுக்கு ஆறு மாதம் முன்னால் ஒரு நாள் காலை, லாரி டயர் ஒன்றை உருட்டும்போது இடுப்பில் சுருக்கென்று குத்தியது. மல்லிகா மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கிட்னியில் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல் இருந்தது, மிளகு அளவு. நான் நிம்மதிப் பெருமூச்சு விட வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்லை விடுங்க சேகர், தண்ணி குடிச்சா போயிடும். இது வேற."

மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் ஒரு குழாய் வரைந்தார். நடுவில் ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் வயிறு வைத்தாற்போல் வளைத்தார்.

"இதயத்துலேருந்து கீழ இறங்குற பெரிய ரத்தக்குழாய் இது. வயித்துக்கிட்ட சாதாரணமா ரெண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். உங்களுக்கு ஒரு இடத்துல மூணு புள்ளி எட்டு. புடைச்சிருக்கு."

"வெடிச்சிடுமா சார்?"

"இந்த அளவுல அந்த பயம் ரொம்பக் கம்மி. அஞ்சரைகிட்ட போனா ஆபரேஷன் பண்ணுவாங்க. அதுவரைக்கும் வளரவிடாம பாத்துக்கணும். பீடி உண்டா?"

நான் பதில் யோசிப்பதற்குள் மல்லிகா போட்டுக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு கட்டு சார், டெய்லி."

"இந்த வியாதிக்கு முதல் எதிரி அதுதான். இன்னையோட விட்டுடுங்க. பிரஷரும் ஜாஸ்தியா இருக்கு. தினமும் காலைல இந்த மாத்திரை ஒண்ணு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன்."

வெளியே வந்ததும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். முப்பது வருஷப் பழக்கம். மாமனார் சொல்லி, மாலை போட்டு, பாக்கு மென்று, எதற்கும் போகாத பழக்கம் ஒரு படத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"உன் பயத்தால நமக்கு கெடச்ச ஒரே லாபம் இதான்யா" என்றாள் மல்லிகா.

பயம் எனக்குக் கூடவே பிறந்தது. எட்டாவது படிக்கும்போது பரீட்சை முடிவைப் பள்ளிக்கூடத்து வாசல் பலகையில் ஒட்டினார்கள். கூட்டாளிகள் எல்லோரும் ஓடினார்கள். எனக்குக் கால் வரவில்லை. நேராகப் போய் ஒரு சைக்கிள் கடையில் நின்றேன். "வேலை கீதாண்ணா" என்று கேட்டேன். இருந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. தேறினேனா, தவறினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீட்டர் சரியாகக் காட்டினால்

பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கினேன். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அதுவே ஊதிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, எண்ணைக் காட்டும். காற்றோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. முதல் நாள் பதினோரு தடவை பார்த்தேன்.

"யோவ், உனக்கு பிரஷர் பாக்கறியா, கைக்கு பஞ்சர் பாக்கறியா?"

"சும்மா இரும்மே. பேசினா ஏறுது."

மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் எண் இறங்கிவிட்டது. நூற்றிருபத்து நாலு, நூற்றிருபத்தாறு. அதோடு ஒரு வறட்டு இருமலும் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொண்டையில் கோழி இறகு வைத்தாற்போல் சும்மா ஓர் இருமல். பீடியை விட்டதால் என்று மல்லிகா சொன்னாள். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பயத்தைத் தந்துவிட்டுப் போனார்கள். பிரஷர் மாத்திரை கிட்னியை அடித்துவிடும் என்றார் ஒருவர். ஆரம்பித்தால் சாகிறவரை விட முடியாது என்றார் இன்னொருவர். இருமலும் இந்தப் பேச்சும் சேர்ந்து என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டன.

அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது.

வண்டி வந்தால் முதலில் மீட்டரை வைத்துக் காற்றைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் மூடியைப் போட்டு அனுப்பிவிடுவேன். குறைந்திருந்தால்தான் அடிப்பேன். சரியாக இருக்கிற டயரில் யாராவது கை வைப்பானா? பிரஷரும் அப்படித்தானே என்று தோன்றியது. மிஷினில் ஜாஸ்தி காட்டுகிற அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். நூற்றிருபத்து நாலு காட்டுகிற அன்றைக்கு எதற்கு?

காலையில் மல்லிகா மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். "கடையில டீ குடிச்சிட்டு போட்டுக்கறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கடைக்கு வந்து மிஷின் வைப்பேன். எண் சரியாக இருந்தால் மாத்திரை தகர டப்பாவுக்குப் போகும். டியூபின் வாயில் காற்றை அடைத்து நிறுத்துகிற வால்வு பின்களைப் போட்டு வைக்கிற டப்பா. அதைத் திறந்து பார்க்க அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

எண் ஜாஸ்தியாக இருந்தால்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பேன். அப்புறம் இன்னொரு தடவை. எது மனசுக்குப் பிடிக்கிறதோ அதுதான் அன்றைய எண். நாலைந்து மாதத்தில் டப்பாவில் வால்வு பின்னைவிட மாத்திரை ஜாஸ்தியாகிவிட்டது.

அந்தோணியின் டயர்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

கடை வாசலில் கிழிந்த டயர் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன். அந்தோணி என்று ஒருவர், கோவளத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிக்கொண்டு வரும் சின்ன வேன் வைத்திருந்தார். ஒருநாள் அவர் வண்டியின் பின் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. டயரை மாற்ற வேண்டும் என்றேன்.

"அட போ சேகரு. புது டயரு வாங்கறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். கொஞ்சம் காத்தை எறக்கி வுடு. கோவளம் போய்க்கினு வந்துடறேன்."

நானும் இறக்கிவிட்டேன். மீட்டர் வைத்தும் பார்த்தேன். அழகாகக் காட்டியது. வண்டலூர் தாண்டி அந்த டயர் வெடித்தது. காலி வண்டி, மெதுவாகப் போயிருக்கிறார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கிழிந்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து என் கடை வாசலில் போட்டார்.

"நான் சொன்னா நீ எறக்கிடுவியா? டயர்காரன் நீயா நானா?"

அன்றைக்கு மாட்டியது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஷீலா மேடம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் உடம்புக்குள் நடக்கிற ரசாயனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். பின் சக்கரத்தில் ஆணி. நான் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்ணா, எல்லாரும் கடை வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டுவாங்க. நீங்க என்ன கிழிஞ்ச டயரை மாட்டியிருக்கீங்க? திருஷ்டிக்கா?"

அந்தோணி கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள இன்னும் கொஞ்சம் பேசினேன்.

"காத்து ஏறுனா மட்டும் டயர் புடைக்காது மேடம். ரப்பருக்குள்ள நூல் கீது, பாயி பின்னுன மாதிரி. உள்ள அந்த நூல் அறுந்தாதான் அந்த எடம் புடைச்சுக்கும். அதுக்கப்புறம் நீங்க மீட்டர் வெச்சிப் பாருங்க, கரெக்டாதான் காட்டும். மீட்டருக்கு காத்துதான் தெரியும். நூல் அறுந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஷீலா மேடம் டயரிலிருந்து பார்வையை இறக்கி என் வயிற்றைப் பார்த்தார்.

"மல்லிகா அக்கா உங்க ஸ்கேன் பத்தி சொன்னாங்கண்ணா. உங்க வயித்துல இருக்கறதும் கிட்டத்தட்ட இதேதான்."

ஒட்டுப் போட டியூபில் தடவிய பசை, சொல்யூஷன் என்போம், அப்படியே காய ஆரம்பித்தது.

"ரத்தக்குழாய் சுவர்லயும் நூல் மாதிரி இருக்கு. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அது நைஞ்சுபோனாதான் புடைக்கும். இப்ப பிரஷர் விஷயத்துக்கு வாங்க. ரத்தத்துல ஒரு பொருள் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். அதை ஒரு என்சைம் வெட்டும். அறிவியல் பாடத்துல தமிழ்ல நொதின்னு படிச்சிருப்பீங்க."

"நான் அதுக்கு முன்னாடியே வந்துட்டேன் மேடம்."

சிரித்தார். "கத்திரிக்கோல்னு வெச்சுக்கங்க. அந்தக் கத்திரிக்கோல் வெட்டுனா அந்தப் பொருள் வேற ஒண்ணா மாறிடும். குழாயை இறுக்கும், பிரஷரை ஏத்தும். இன்னொரு கத்திரிக்கோலும் இருக்கு. அது இந்த மாறுன பொருளையே மறுபடி வெட்டி, குழாயைத் தளர்த்தற மாதிரி மாத்திடும். ஒண்ணு ஏத்தும், ஒண்ணு எறக்கும். ரெண்டும் சமமா இருக்கறவரைக்கும் பிரச்சனை இல்ல."

"ஏத்துறது ஜாஸ்தியாயிட்டா?"

"அங்கதான் விஷயமே. அது பிரஷரை மட்டும் ஏத்தறதில்ல. குழாய் சுவர்ல போய் உறுத்தும். அந்த எடத்துல அழற்சி வரும். வந்தா அந்த நூலையே கொஞ்சம் கொஞ்சமா அரிக்கற வேற என்சைமெல்லாம் அங்க சேர்ந்துடும். உங்களுக்கு குடுத்திருக்கற மாத்திரை இருக்கே, அது அந்த முதல் கத்திரிக்கோலைத்தான் கட்டிப்போடுது. ஏண்ணா, இருமல் இருக்கா?"

"இருக்கு மேடம்! அதெப்படித் தெரியும்?"

"அந்தக் கத்திரிக்கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இருமல் வரவைக்கற ஒரு பொருளையும் அதுதான் வெட்டும். அதைக் கட்டிட்டா அந்தப் பொருள் சேர்ந்துபோய் சில பேருக்கு இருமல் வரும். டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பார். இதுக்குப் போய் யாரும் கஷ்டப்பட வேணாம்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "மேடம், சும்மா ஒரு டவுட். மிஷின்ல சரியா காட்டுற அன்னிக்கு மாத்திரை போடலைன்னா?"

"மாத்திரை போட்டதாலதானேண்ணா சரியா காட்டுது? விட்டா கத்திரிக்கோல் மறுபடி வேலைக்கு வந்துடும். மிஷினுக்கு பிரஷர்தான் தெரியும். சுவருக்குள்ள நடக்கறது தெரியாது. இப்ப நீங்களே சொன்னீங்களே."

நானேதான் சொல்லியிருந்தேன். டயருக்குச் சொன்னேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "அண்ணா, நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் எலியை வெச்சுப் பாத்தது. மனுஷங்களுக்கு அந்த மாத்திரை புடைப்பு வளர்றதை நிறுத்துமான்னு இன்னும் அடிச்சு சொல்ல முடியல. ஆனா பிரஷரை அடக்கி வெக்கணும்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நீங்க ஒழுங்கா போடறீங்கல்ல?"

"போடறேன் மேடம்."

ஆணிக்கு ஒட்டுப் போட்டேன். காய்ந்துபோன சொல்யூஷனை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தடவ வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் மாத்திரை போட்டேன், இருமலோடு. ஆனால் டப்பாவில் கிடக்கிற மாத்திரைகளை இனி விழுங்கிப் பயன் இல்லையே. அத்தனை நாளும் அந்தக் கத்திரிக்கோல் உள்ளே என்ன செய்துகொண்டிருந்ததோ. மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்தால் தொம் தொம் என்று அடித்தது. நூல் எத்தனை அறுந்ததோ என்று அதனிடமே கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

ஒட்டிய கவர்

ஸ்கேன் முடிந்தது. வயிற்றைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் தந்தார்கள். டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் ஒட்டிய கவர் வந்தது.

"பிரிச்சிப் பாக்கலாமாயா?" என்றாள் மல்லிகா. "நம்பர் நமக்குப் படிக்கத் தெரியாதா இன்னா?"

"வேணாம்."

"ஏன் வேணாம்? அதுக்குள்ள எழுதினது எழுதினதுதானே."

எழுதினது எழுதினதுதான். அந்தப் பள்ளிக்கூடத்துப் பலகையும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு மறுபடி கால் வரவில்லை. டாக்டர் கிளினிக்குக்கு இரண்டு தெருதான். மல்லிகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனாள்.

டாக்டர் கவரை வாங்கி ஓரத்தைக் கிழித்தார். காகிதத்தை வெளியே எடுக்கும் முன்னால் கேட்டார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள் தவறாம போடறாரு சார்" என்றாள் மல்லிகா. "நான்தான் கையில எடுத்துக் குடுக்கறேன்."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. பாக்கெட்டில் கை விட்டு டப்பாவை எடுத்தேன். மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"வால்வு பின்னு சார்."

"அது தெரியுது. கூட?"

"கூட கீறது... மாத்திரை சார்."

கிரீஸ் பட்டுப் பாதி மாத்திரைகள் கறுத்திருந்தன. மல்லிகா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மிஷின், மீட்டர், இருமல், அந்தோணி டயர், கத்திரிக்கோல் எல்லாம். முடித்ததும் டாக்டர் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு புள்ளி எட்டு" என்றார். "அப்படியேதான் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. மல்லிகாதான் கேட்டாள். "வளரலையா சார்?"

"வளரலைம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது உங்க சாமர்த்தியம்னு நெனச்சுடாதீங்க. இந்த அளவுல இருக்கறது பொதுவா மெதுவாத்தான் வளரும். பீடியை விட்டீங்களே, அது பெரிய விஷயம். மத்தபடி நல்ல நேரம். இருமல்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். வேற மாத்திரை எழுதறேன், இருமல் அவ்வளவா வராது. மிஷின் வாரத்துல ரெண்டு நாள் போதும். ஒரு தடவை பாத்து என்ன வருதோ அதுதான் நம்பர்."

"சரி சார்."

"டப்பாவை எடுத்துக்கங்க. மாத்திரையை இங்கயே குடுத்துட்டுப் போங்க. வால்வு பின் எனக்கு வேணாம்."

தெருவுக்கு வந்ததும் மல்லிகா ஆரம்பித்தாள். நடைபாதையில் பூ விற்கிற அம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆரம்பித்தாள்.

"நான் எடுத்து எடுத்துக் குடுப்பேன், நீ டப்பாவுல போட்டு போட்டு வெப்பியா? ஊருல கீற அத்தனை டயருக்கும் புத்தி சொல்ற, உன் ஒடம்புக்கு சொல்லிக்க மாட்டியா? இன்னாயா ஆளு நீ?"

திட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு சிரித்தும்விட்டாள். "வால்வு பின்னு சார்னு சொல்றான் பாரு."

"மல்லி, பசிக்குதுமே" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உண்மையிலேயே பசித்தது. மூன்று வாரமாகப் பசி என்பதே இல்லாமல் இருந்தது. பக்கத்து ஓட்டலில் பூரி சாப்பிட்டோம். உப்பு ஆகாது என்று ஊறுகாயை அவள் என் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் பிரஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என எனக்குள் ஒரு கவலை உடனே முளைத்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். கவலையைத் தள்ளிவைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் ஃபேனுக்குக் கீழே மல்லாந்தேன். கடைக்கு அன்று விடுமுறை. பழக்க தோஷத்தில் கை வயிற்றுக்குப் போனது. தொம் தொம்.

மல்லிகா புது மாத்திரையும் தண்ணீருமாக வந்து உட்கார்ந்தாள். "வாயத் தொற." திறந்தேன். மாத்திரையை அவளே நாக்கில் வைத்தாள். விழுங்கினேன். "நாக்கத் தூக்கு." தூக்கிக் காட்டினேன்.

திருப்தியாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையை நகர்த்திவிட்டுத் தன் கையை அந்த இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கவனித்தாள்.

"அடிச்சுகினே கீதே?"

"ஆமா. எப்பவும் அடிக்கும்."

"அடிக்கட்டும்" என்றாள். "நீ தூங்கு."

தூங்கினேன்.